ஐந்தாவது ‘ஏன்’

முடிந்துபோன வேலையைப் பற்றிக் கூட்டம் நடத்துகிறவனுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. வேலைதான் முடிந்துவிட்டதே, இனி அவனால் அதைக் கெடுக்க முடியாது. என்னாலும் முடியவில்லை. ஏனென்றால் நான் அதை முன்கூட்டியே கெடுத்து வைத்திருந்தேன். அது எனக்குத் தெரியாது என்பதுதான் விஷயம்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. வேலூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். (பேருதான் பெருசு. லாரி கெளம்புச்சா, லாரி வந்துச்சான்னு ஃபோன்ல கேக்கறதுதான் வேலை.) ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊருக்கு ஊற்றுத் தண்ணீர் கொண்டுவரும் வேலையை எங்கள் நிறுவனம் எடுத்திருந்தது. ஊருக்கு மேலே, பாறை இடுக்கில் கோடையிலும் வற்றாத ஓர் ஊற்று. அங்கிருந்து ஊர்த் தொட்டி வரைக்கும் ஆயிரத்து எண்ணூறு மீட்டர். குழி தோண்டி, கறுப்பு பைப்பைப் புதைத்துத் தண்ணீரை இறக்க வேண்டும். மோட்டாரும் இல்லை, கரண்டும் இல்லை. பைப்பு வாங்கி அனுப்புவது நாங்கள். வேலை செய்தது அந்த ஊர்க்காரர்களே, ஒன்பது பேர். அவர்களுக்குத் தலைவி செல்வி. என் வயதுதான் இருக்கும்.

தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் சொன்ன தேதிக்குப் பதினோரு நாள் கழித்து வந்தது.

எங்கள் இயக்குநருக்கு அந்தப் பதினோரு நாள் உறுத்தியது. அதே ஊற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஊர் இருக்கிறது. இருபத்திரண்டு வீடு. பெண்கள் ஓடைக் குழியில் சொம்பால் மொண்டு குடம் நிரப்புகிறார்கள். அடுத்த பைப் அந்த ஊருக்கு. “இவங்க ஏன் லேட் பண்ணாங்கன்னு தெரியாம அடுத்த வேலையையும் இவங்ககிட்டயே எப்படிக் குடுக்கறது? கீழேர்ந்து கான்ட்ராக்டரைப் போட்டுடலாமா?” என்றார் அவர். அலுவலகத்தில் வேறொரு பேச்சும் உலவியது. பைப்பு இணைக்கிற ஏழுமலை நடுவில் ரெண்டு நாள் ஆளே காணோமாம், குடித்துவிட்டு எங்கோ கிடந்தானாம். யார் பார்த்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

“சார், நான் போய் ஒரு ரெட்ரோ நடத்திட்டு வந்துடறேன்” என்றேன்.

அந்த வார்த்தையை நான் கற்றுக்கொண்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. சென்னையில் ஒரு ஏசி ஹாலில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. ஒரு வேலை முடிந்ததும் செய்தவர்களெல்லாம் உட்கார்ந்து எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று பேச வேண்டும். யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. ஒரு தவறு தெரிந்தால் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே போனால் ஆணிவேர் கிடைத்துவிடும். இதைக் கேட்டு வந்த நாளிலிருந்து நான் தீட்சை வாங்கியவன் மாதிரி திரிந்தேன். வீட்டில் ரசம் புளித்தால்கூட என் மனைவி சுமதியை உட்கார வைத்து ‘ஏன்’ கேட்டேன். (மூணாவது ‘ஏன்’னுல கரண்டி வந்துச்சு.)

போளூரிலிருந்து காலை பஸ் பிடித்தேன். நான் போளூர்க்காரன். இந்த மலையைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன். ஆனால் பயிற்சிக்குப் போய் வந்த பிறகு எனக்கு எல்லாமே கீழே இருப்பதாகப் பட்டது, மலை உட்பட. பையில் நான்கு நிறத்தில் ஒட்டுத்தாள்கள், ஸ்கெட்ச் பேனாக்கள், பெரிய சார்ட், ஒரு டென்னிஸ் பந்து.

ஊர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சாமை அரைக்கும் கொட்டகை ஒன்று உண்டு. அதன் வாசலில் ஒன்பது பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்துக்கு அவர்கள் கொல்லையில் பயிர் வேலை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர்கள். எனக்காக வந்திருந்தார்கள்.

“இது இன்னா கூட்டம் சார்?” என்று கேட்டார் கோவிந்தம்மா. ஐம்பது வயதிருக்கும். கடப்பாரை பிடித்துக் காய்த்த கை.

“முடிஞ்ச வேலையைப் பத்திப் பேசி, அதுலேர்ந்து கத்துக்கிற கூட்டம்க்கா.”

“அதான் முடிஞ்சிட்ச்சே?”

“முடிஞ்சதாலதான் பேசணும்.”

அவர் செல்வியைப் பார்த்தார். செல்வி, “சார் அவ்ளோ தூரம் வந்திருக்காரு, பேசலாம்” என்றார்.

முதலில் மனசைத் தளர்த்துவதற்கு ஒரு கேள்வி. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது. “இந்த வேலையை வானிலையோட ஒப்பிட்டுச் சொல்லுங்க. வெயிலா, மழையா, பனியா?”

கோவிந்தம்மா யோசிக்கவே இல்லை. “கார்த்திகைல மழ சார். தையில பனி. மாசில வெயிலு. மூணும் பட்டோம்.”

மற்ற எட்டுப் பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் அதைச் சார்ட்டில் எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல், பேனா மூடியைத் திறந்து மறுபடி மூடினேன்.

அடுத்தது பந்து. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேச வேண்டும், மற்றவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும் என்று விதியை விளக்கிவிட்டு ஏழுமலையிடம் வீசினேன். எனக்கு எறியத் தெரியாது. பந்து அவர் தலைக்கு மேலே போய், கொட்டகையைத் தாண்டி, சரிவில் உருண்டு போயேவிட்டது. ஏழுமலை எழுந்து அதன் பின்னால் ஓடினார்.

மீதி எட்டுப் பேரும் வாயைத் திறக்கவில்லை. விதி அப்படி. ஒரு நிமிஷம் போனது, ஐந்து நிமிஷம் போனது. புளிய மரத்தில் ஏதோ பறவை மட்டும் பேசிக்கொண்டிருந்தது, அதற்கு விதி தெரியாது. எனக்குத் தாங்கவில்லை. “பரவால்ல, நாம பேசலாம்” என்று ஆரம்பித்தேன். கோவிந்தம்மா உதட்டில் விரலை வைத்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ‘உன் கையில் பந்து இல்லையே’ என்று அர்த்தம். நான் வாயை மூடிக்கொண்டேன். ஏழுமலை முள்ளில் கிழிந்த சட்டையோடு பந்தைக் கொண்டுவரும் வரை பதினைந்து நிமிஷம், நான் நடத்திய கூட்டங்களிலேயே ஒழுங்கான கூட்டம் அதுதான்.

ஒட்டுத்தாள்கள் சுண்ணாம்புச் சுவரில் ஒட்டவில்லை. ஒட்ட ஒட்ட உதிர்ந்தன. கோவிந்தம்மா எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் சாமைக் கூழ் கொண்டுவந்து, ஒவ்வொரு தாளின் முதுகிலும் வழித்துத் தடவி அறைந்தார். ‘தேவைக்கேற்ப இடம் மாற்றிக்கொள்ளலாம்’ என்று அட்டையில் போட்டிருந்த தாள்கள், இனி சுவரை இடித்தால்தான் இடம் மாறும் என்ற நிலைக்கு வந்தன.

அப்போதாவது பஸ் ஏறியிருக்க வேண்டும். நான் சார்ட்டில் பெரிதாக எழுதினேன்: ‘வேலை பதினோரு நாள் தாமதம். ஏன்?’

கூட்டத்தில் ஒரு சின்ன அசைவு. ஏழுமலை தரையைப் பார்த்தார். செல்வி அவரைப் பார்த்தார். எனக்குள் ஒரு துப்பறிவாளன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ‘ஆளைக் காப்பாத்தப் பாக்கறாங்க.’

“பயப்படாதீங்க. இங்க யார் மேலயும் குற்றம் இல்ல. நடந்ததை மட்டும் சொல்லுங்க. ஏன் லேட்டாச்சு?”

“தோண்டின குழியயே மறுபடி தோண்டனோம் சார்” என்றார் செல்வி.

“நல்லது. ஏன் மறுபடி தோண்டினீங்க?”

“போட்ட பைப்ப எடுக்க வேண்டியதாப் போச்சு. வுடுங்க சார், அதான் தண்ணி வந்துட்ச்சே.”

“இல்ல செல்வி, விடக் கூடாது. ஏன் எடுக்க வேண்டியதாப் போச்சு?”

“தண்ணி நூலாட்டம் வந்துச்சு” என்றார் ஏழுமலை மெதுவாக. “மேல போட்ட பைப்பு சின்னது.”

“பாத்தீங்களா, எவ்வளவு அழகா வருது!” என்று கையைத் தேய்த்துக்கொண்டேன். “மேல ஏன் சின்ன பைப்பைப் போட்டீங்க?”

செல்வி எழுந்தார். “சார், சாமைச் சோறு ஆறிடும். கொழம்பு வெச்சிருக்குது. சாப்ட்டுப் பேசலாம்.”

“ரெண்டே கேள்விதான்” என்றேன். இரக்கமே இல்லாமல் சொன்னேன். “உண்மையைச் சொன்னா யாருக்கும் கெட்டது வராது. அந்த நம்பிக்கை வேணும். மேல ஏன் சின்ன பைப்பு?”

“ரெண்டாவது லாரில வந்த ஆறு ரோலும் சின்னது சார்” என்றார் செல்வி. எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். “நாங்க தொட்டியாண்டேர்ந்து மேல பாத்துப் போட்டுக்கினு போனோம். கடைசில வந்தது மேல போச்சு.”

“சரி. அஞ்சாவது, கடைசி. ரெண்டாவது லாரில ஏன் சின்னது வந்துச்சு?”

இந்தக் கேள்வியைக் கேட்டபோது என் குரலில் ஒரு கனிவு இருந்தது. இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது. கோவிந்தம்மாதான் பொறுமை இழந்தார். “கேக்கறாரு இல்ல? வுடமாட்டேன்றாரு இல்ல?” என்று கொட்டகைக்குள் போனார். அரிசி டின்னைத் திறக்கும் சத்தம் கேட்டது. நாலாய் மடித்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

லாரியோடு வந்த ஆர்டர் சீட்டின் நகல். ‘பைப் – 6 ரோல் – ஒன்றரை இன்ச்.’ ரெண்டு இன்ச் என்று இருக்க வேண்டும். கீழே, பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, வாலைச் சுழற்றி ரெண்டு புள்ளி வைத்த ஒரு கையெழுத்து. அப்படி ஆடம்பரமாகக் கையெழுத்துப் போடுகிறவன் எங்கள் அலுவலகத்தில் ஒருவன்தான். பழைய திட்டத்தின் சீட்டைத் திறந்து, ஊர்ப் பேரை மாற்றி, எண்ணிக்கையை மாற்றி, அளவை மாற்ற மறந்து, அதன் கீழே ‘பாஸ்கர்’ என்று போட்டவன் நான்.

இங்கிருந்து காவலூர் கொஞ்ச தூரம்தான். அங்கே வானாய்வு நிலையத்தில் கண்ணுக்கே தெரியாத நட்சத்திரத்தையெல்லாம் கண்ணாடி வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். நான் என் கையெழுத்துக்கு ஒரு சாண் மேலே இருந்ததைப் பார்க்கவில்லை.

ஆனாலும் ஒரு கடைசி முயற்சி செய்தேன். (மானம் போறப்பகூட மனுசன் ஒரு தடவை கையை நீட்டிப் பாப்பான்.) “ஆபீசுக்கு உடனே சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லல?”

செல்வி ஃபோனை எடுத்துத் திறந்து என்னிடம் நீட்டினார். வாட்ஸப்பில் எனக்கு அனுப்பிய போட்டோ. ரெண்டு பைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்தது. கீழே ஒரு குரல் செய்தி. அதற்கும் கீழே என் பதில்: ‘மீட்டிங்கில் இருக்கிறேன். பிறகு பேசுகிறேன்.’ அதற்குப் பிறகு என்னிடமிருந்து எதுவும் இல்லை.

“இதுக்கு சிக்னல் கெடைக்க மேல இருக்கற பாறைக்குப் போய் நின்னோம் சார்” என்றார் ஏழுமலை. குற்றமாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அப்புறம் உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்: “அப்ப இன்னா மீட்டிங் சார்?”

தேதியைப் பார்த்தேன்.

“முடிஞ்ச வேலைலேர்ந்து… எப்படிக் கத்துக்கறதுன்னு… ஒரு பயிற்சி.”

கோவிந்தம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அடைத்தும் நிற்கவில்லை. அவர் தோள் குலுங்க, ஏழுமலை குலுங்க, ஒன்பது பேரும் தரையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அழுவதற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. நாலு ‘ஏன்’ வரைக்கும் அவர்கள் காப்பாற்றப் பார்த்த ஆள் ஏழுமலை இல்லை, நான்தான் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “உக்காந்து பேசனா ஒன்னும் வராது சார். பைப்பு இருக்கற எடத்துல போய்ப் பேசலாம், வாங்க.”

சாப்பிட்டுவிட்டு, தொட்டியிலிருந்து ஊற்றை நோக்கிக் குழியின் மேலாகவே நடந்தோம். மண் மூடி, சில இடத்தில் புல்லும் முளைத்துவிட்ட தடம். எனக்கு அது வெறும் தடம். அவர்களுக்கு ஒவ்வொரு அடியிலும் ஒரு நாள் புதைந்திருந்தது. கையில் ஒரு காகிதம் இல்லை.

முதல் வளைவில் ஏழுமலை நின்றார். “இங்க நான் மணலத் தொடைக்காம ஜாயின்ட் போட்டேன். ரெண்டு தடவ கழண்டுக்கிச்சு. அதுலேர்ந்து துணி இல்லாம பைப்பத் தொடறதில்ல.” யாரும் ‘பார்த்தாயா’ என்று சொல்லவில்லை. தெரிந்ததுதான் என்பதுபோல் நடந்தார்கள். கொஞ்சம் மேலே ஒரு புளிய மரத்தடியில் கோவிந்தம்மா, “வேரு அந்தப் பக்கம் ஓடுதுன்னு நான்தான் அடிச்சு சொன்னேன். இந்தப் பக்கம் ஓடிச்சு. ஒரு நாள் பூரா வீணாப் பூட்ச்சு. அடுத்த ஊரு குழிக்கு மொதல்ல ஒரு சாண் தோண்டிப் பாத்துட்டுத்தான் வாயத் தொறப்பேன்” என்றார். ஒன்பது பேரும் ஓரோர் இடத்தில் நின்றார்கள். ஒவ்வொருவரும் தன் தவறைத் தானே, ஊர் மைல்கல்லைக் காட்டுகிற மாதிரி, சாதாரணமாகக் காட்டினார்கள். நான் சார்ட்டும் பந்தும் வைத்துக்கொண்டு வரவழைக்க வந்த நேர்மை அந்த மண்ணில் தானாக இறங்கி ஓடிக்கொண்டிருந்தது.

ஏழுமலை காணாமல் போன ரெண்டு நாளும் தெரிந்தது. பெரிய பைப்பையும் சின்ன பைப்பையும் இணைக்கிற துண்டு வாங்கப் போளூருக்குப் போயிருக்கிறார். அங்கே இல்லை. செங்கம் வரைக்கும் போய் வாங்கிக்கொண்டு, பஸ் போய்விட்டதால் பாதி மலையை நடந்து ஏறியிருக்கிறார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சரிவு முடிந்து தடம் சமமாகிற இடத்தில் செல்வி நின்றார். “இங்கதான் சார் ரெண்டும் சேருது. மேல போட்ட ஆறு ரோலையும் எடுத்து எறக்கத்துக்குக் கொண்டாந்தோம். எறக்கத்துல இருந்த ஆறு பெரிய ரோலை எடுத்து மேல போட்டோம். அந்தப் பதினோரு நாளு இதுதான்.”

“மாத்திப் போட்டா சரியாயிடும்னு எப்படித் தெரியும்?”

“ரெண்டு துண்ட வெட்டி, கொடத்துல தண்ணி வெச்சு ஊத்திப் பாத்தோம். சமத்துல தண்ணி சோம்பேறி சார். அகலமா வழி வுடணும். எறக்கத்துல யாரும் தள்ள வேணாம், சின்ன வழியிலயும் ஓடிடும்.”

(பிறகு எங்கள் இன்ஜினியரிடம் இதைச் சொன்னேன். பேப்பரில் ரொம்ப நேரம் கணக்குப் போட்டுவிட்டு, “கரெக்ட். யாரு டிசைன் பண்ணது?” என்று கேட்டார்.)

செல்வி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். “என் தப்பு ஒன்னு இருக்குது சார். லாரிலேர்ந்து ரோல எறக்கும்போதே கைக்கு லேசாப் பட்டுச்சு. சின்னதுன்னு அப்பவே தெரிஞ்சுது. சொல்லல. ‘படிச்சவரு, கணக்கு போட்டுத்தான் அனுப்பியிருப்பாரு’ன்னு இருந்துட்டேன். பொதைக்கறதுக்கு முன்னாடியே கேட்டிருந்தா பதினோரு நாள் போயிருக்காது.”

இத்தனை ‘ஏன்’ கேட்டும் நான் தொடாத வேர் அது. ஒரு கையெழுத்தின் ஆடம்பரத்துக்குப் பயந்து, தன் கை சொன்ன உண்மையை ஒருத்தி அடக்கிக்கொண்டிருக்கிறாள். அதையும் தன் தப்பு என்று சொல்கிறாள்.

“அது உங்க தப்பில்லைங்க” என்றேன்.

“யாரு தப்புன்னு பேச வரல சார். அடுத்த வாட்டி ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் அடிச்சு அளவப் படிங்க. நாங்களும் ரோல அளந்து பாத்துட்டுத்தான் குழியில எறக்குவோம். அவ்ளோதான்.”

ஊற்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். பாறை இடுக்கில் தண்ணீர் சத்தமே இல்லாமல் வந்து, சின்னத் தொட்டியில் நிறைந்து, பைப்பின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. கீழே, மரங்களுக்கு நடுவில், ஊர் உள்ளங்கை அளவுதான் தெரிந்தது. இங்கிருந்து அங்கே வரைக்கும் ஒன்பது பேர், கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துக்கொண்டு, பாதித் தூரத்துக்கு மேல் இரண்டு முறை தோண்டியிருக்கிறார்கள். என்னால் இரண்டு முறையாகிவிட்டது என்று தெரிந்த பிறகும் எனக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். நான் தண்ணீரில் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருந்தேன் என்று தெரியாது. கோவிந்தம்மா, “கைய எடுங்க சார், கீழ ஜனம் குடிக்குது” என்ற பிறகுதான் எடுத்தேன்.

அறிக்கையில் முதல் வரியே இப்படி எழுதினேன்: ‘தாமதத்துக்குக் காரணம் நான் அனுப்பிய தவறான அளவும், நான் எடுக்காத ஃபோனும்.’ வேலை போய்விடும் என்று நினைத்துச் சுமதியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார். “ஏழுமலையைப் பத்தி நானும் கண்டபடி நெனச்சேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த ஊர் வேலையைச் செல்வியின் குழுவுக்கே எழுதிக் கொடுத்தார். பைப்பு ஆர்டரை ஃபோனில் செல்விக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். நான்காவது முறை அவராகவே, “போதும் சார்” என்றார். அந்த இருபத்திரண்டு வீட்டுக்கும் சொன்ன தேதிக்கு நாலு நாள் முன்னாலேயே தண்ணீர் போய்விட்டது.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. போன வருஷம் சுமதிக்கு அந்த ஊற்றைக் காட்ட வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனேன். செல்வி கொல்லையில் இருப்பதாகச் சொன்னார்கள். தொட்டியடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணிடம் சுமதி வழி கேட்டாள். அந்தப் பெண் கல்யாணமாகி அந்த ஊருக்குப் புதிதாக வந்தவள்.

“செல்விக்கா கொல்லையா? நேரா ஏறிப் போங்க. பாஸ்கர் ஜாயின்ட்டு வரும். அதாண்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க.”

“பாஸ்கர் ஜாயின்ட்டா?”

“ஆமாங்க. சின்ன பைப்பும் பெரிய பைப்பும் சேர்ற எடம். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க.”

சுமதி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் கேட்டாள். “யாருங்க அந்த பாஸ்கர்?”

“எனக்கு நேர்ல தெரியாதுங்க. யாரோ பெரிய இன்ஜினியராம். மொதல்ல தண்ணி நூலாட்டம் வந்துச்சாம். அவருதான் அந்த எடத்துல ஒட்டுப் போட்டாராம், அப்புறந்தான் நல்லா வந்துச்சாம்.”

என் மனசாட்சிக்குப் பொறுக்கவில்லை. “அப்படி இல்லம்மா” என்று குறுக்கிட்டேன். “அந்த ஆள் இன்ஜினியரே இல்ல. தப்பான பைப்பை அனுப்பினதே அவர்தான். ஃபோன் பண்ணாக்கூட எடுக்கல. வேலையெல்லாம் செஞ்சது உங்க ஊர்க்காரங்கதான்.”

அந்தப் பெண் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்க கண்டீங்களா? தண்ணி குடுத்த மனுசனப் பத்தி அப்பிடிப் பேசாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சுமதி அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். இன்றைக்கும் நான் வீட்டில் எதையாவது கொட்டிவிட்டு, “என் தப்புதான்” என்று ஒப்புக்கொண்டால் போதும். சுமதி நிமிர்ந்து, குடம் இல்லாத இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொல்வாள்: “தண்ணி குடுத்த மனுசனப் பத்தி அப்பிடிப் பேசாதீங்க.”